போக்கர் ஆடும் பையனை எதை வைத்து எடை போடுவது?

கீழக்கரையோ தொண்டியோ தங்கச்சிமடமோ, எந்த ஊரில் மாப்பிள்ளை விசாரித்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பையன் என்ன பண்றான்? துபாயில் கடை, கொழும்பில் வியாபாரம், சென்னையில் ஐ.டி., சொந்தமாக விசைப்படகு என்று எதைச் சொன்னாலும் பெரியவர்கள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு பதிலும் இப்போது எப்போதாவது வருகிறது. "பையன் போக்கர் ஆடுறான். அதான் தொழில்."

இதைக் கேட்டதும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒருவர் "அப்ப சூதாடின்னு சொல்லுங்க" என்று பேச்சை முடித்துவிடுவார். இன்னொருவர், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் தொகையைப் பார்த்துவிட்டு, "ஒரே ராத்திரியில இவ்வளவா!" என்று வாயைப் பிளப்பார். இரண்டு பேருமே அந்தப் பையனை எடை போடவில்லை. முதலாமவர் ஆட்டத்தின் பெயரை எடை போட்டார், இரண்டாமவர் ஒரு ராத்திரியின் அதிர்ஷ்டத்தை.

ஒரு போக்கர் ஆட்டக்காரனின் திறமை வெளியே தெரிய ஆயிரக்கணக்கான மணி நேர ஆட்டம் வேண்டும். மேசையில் அவன் நடந்துகொள்ளும் விதம் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஒரு ராத்திரி முடிவை வைத்துத் திறமைக்கு மார்க் போடுகிறோம். நடத்தையைக் கவனிப்பதே இல்லை. கவனித்தாலும், வாய் பேசாதவனைத் திறமைசாலி என்றும் சத்தம் போடுபவனை ஏமாற்றுக்காரன் என்றும் தப்பாகப் படித்துவிடுகிறோம்.

முதலில், இந்தக் கட்டுரை தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணம் வைத்து ஆடுவதே ஹராம் என்பது ஒரு வீட்டின் நிலை என்றால், அங்கே போய்த் திறமைக் கணக்குப் பேசுவதில் அர்த்தமில்லை. பதில் அங்கேயே முடிந்துவிட்டது. அதில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

சட்டம் அவ்வளவு சுருக்கமாக முடியவில்லை. மரத்தடியில் பணம் வைத்து சீட்டாடியவர்களைப் போலீஸ் பிடித்து, சீட்டுக்கட்டும் ரொக்கமும் பறிமுதல் என்று பேப்பரில் செய்தி வருகிறதே, அந்த வழக்குகளுக்கு அடிப்படை 1930-ம் ஆண்டின் சூதாட்டச் சட்டம். 1968-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்றது. 1996-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் குதிரைப் பந்தயத்துக்கும் அதையே சொன்னது. போக்கர் விஷயத்தில் உயர் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் அதைச் சூதாட்டம் என்றது. தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டுச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று அட்டவணையில் சேர்த்திருந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரண்டையும் திறமை ஆட்டம் என்று சொல்லி, சட்டத்தின் அந்தப் பகுதியை மட்டும் ரத்து செய்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்து இந்த வாதம் மொத்தத்தையும் தாண்டிப் போய்விட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை. தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும்தான், ஆடுபவருக்கு இல்லை. பெரிய இந்தியச் செயலிகள் அந்த மாதமே பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. இதன் விளைவு என்ன என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

நம் பக்கத்தில் சீட்டு என்றால் பெரும்பாலும் ரம்மிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கிடக்கும்போது, எங்காவது நிழலில் ஒரு கட்டு பிரிந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் நல்ல ஆட்டக்காரன் யார் என்று கேட்டால், அதிகம் ஜெயித்தவனை யாரும் காட்டமாட்டார்கள். சரியான நேரத்தில் ஸ்கூட் அடிக்கத் தெரிந்தவனைக் காட்டுவார்கள். மோசமான சீட்டைப் பிடித்துக்கொண்டு ஃபுல் கவுண்ட் வாங்காமல், சின்ன நஷ்டத்தோடு ஒதுங்கத் தெரிந்தவன். இந்த அறிவு இருப்பவருக்குப் போக்கரில் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதி வேறு மாதிரி. உலகம் முழுக்க அதிகம் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுப்பார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. இவற்றுக்கு ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், விட்டுவிடலாம். ஏழு சீட்டில் சிறந்த ஐந்தை வைத்திருப்பவர் ஜெயிப்பார். எதிராளி எல்லோரும் விட்டுவிட்டால், கையில் குப்பை இருந்தாலும் பணம் நம்முடையது. ரம்மியில் சேராத சீட்டை வைத்துக்கொண்டு டிக்ளேர் பண்ண முடியாது. போக்கரில் சீட்டைக் காட்டாமலே ஜெயிக்கலாம். அதனால்தான் இங்கே அட்டையைவிட ஆளும் பந்தயத் தொகையும் உட்கார்ந்திருக்கும் இடமும் முக்கியம்.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. நார்வேக்காரப் பெண் ஆனெட் ஒப்ரெஸ்டாட் 2007-ல், 19 வயது முடிய ஒரு நாள் இருக்கும்போது, போக்கரின் உலகத் தொடருக்கு (WSOP) ஐரோப்பியப் பதிப்பாக லண்டனில் நடந்த தொடரின் முக்கியப் போட்டியில் ஜெயித்து பத்து லட்சம் பவுண்டு வாங்கினார். அதே வருடம் இணையத்தில் 180 பேர் ஆடிய ஒரு சிறு போட்டியில் தன் சீட்டை மறைத்துவைத்துக்கொண்டு ஆடி முதலிடம் பிடித்தார். ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். எதிராளி தயங்குகிறானா, யார் கடைசியில் பேச வேண்டும், யாரிடம் எவ்வளவு சிப்பு (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை) மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆடினால் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டியது அந்த ஆட்டம்.

சரி, திறமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். நம் பையனிடம் அது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் கணக்கு நம்மைக் கைவிடுகிறது.

இரண்டு ஏஸ் கிடைப்பது 221 தடவைக்கு ஒரு தடவை. ஆரம்பத்தில் அதைவிட நல்ல கை கிடையாது. அந்தக் கையோடு மொத்தப் பணத்தையும் உள்ளே தள்ளி, எதிராளி இரண்டு ராஜாவைக் காட்டினால்கூட ஐந்தில் ஒரு தடவை கிட்டத்தட்ட தோற்போம். எந்தத் தப்பும் செய்யாமலே தோற்பது. ஒரு கையிலேயே இப்படி என்றால் ஒரு மாதத்தில்?

தொழில்முறை ஆட்டக்காரர்கள் தங்கள் லாபத்தை நூறு கைக்கு எத்தனை பெரிய பிளைண்டு என்று சொல்வார்கள். ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை. பெரிய பிளைண்டு என்பது கட்டாயப் பந்தயங்களில் பெரியது. நூறு கைக்கு 5 என்பது நல்ல ஆட்டக்காரனின் அளவு. அதே நூறு கையில் அதிர்ஷ்டத்தின் ஆட்டம், புள்ளியியலில் சொல்லும் திட்ட விலக்கம், 90 பிளைண்டு என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அந்த அளவில்தான் இருக்கும். இதை விரித்துப் போட்டால், பத்தாயிரம் கை ஆடி முடிக்கும்போது அந்த நல்ல ஆட்டக்காரனுக்கு 500 பிளைண்டு லாபம் வர வேண்டும், அதிர்ஷ்டம் 900 பிளைண்டு மேலேயோ கீழேயோ இழுக்கும். அதாவது, அசல் திறமை உள்ள பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் பத்தாயிரம் கைக்குப் பிறகும் நஷ்டத்தில் நிற்பார்கள். அதே கணக்கில், நூறு கைக்கு 5 பிளைண்டு தோற்கும் சுமாரான ஆட்களில் பத்துக்கு மூன்று பேர் லாபத்தோடு நின்று பேட்டி கொடுப்பார்கள்.

கேசினோ மேசையில் மணிக்கு 30 கை ஆடினால் அதிகம். பத்தாயிரம் கைக்கு 330 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு லட்சம் கை ஆடினால் நல்ல ஆட்டக்காரன் நஷ்டத்தில் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நாலாகக் குறைகிறது. ஆனால் வாரம் 40 மணி நேரம் உட்கார்ந்தாலும் அதற்கு ஒன்றரை வருடம் தாண்டிவிடும். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஸ்கிரீன்ஷாட் எதற்குச் சமம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இது ஏதோ ஆட்டக்காரர்கள் சொல்லும் சாக்கு இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2015-ல் கிளாடிகோ என்ற கணினி நிரலை நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்டார்கள். 80,000 கை ஆடி, மனிதர்கள் ஏழு லட்சம் டாலருக்கு மேல் முன்னிலையில் முடித்தார்கள். அப்போதும் ஆய்வாளர்கள் அதைப் புள்ளியியல்படி சமன் என்றுதான் சொன்னார்கள். 2017-ல் லிப்ராட்டஸ் என்ற அடுத்த நிரல் 1,20,000 கை ஆடி, நூறு கைக்கு 14-க்கும் அதிகமான பிளைண்டு வித்தியாசத்தில் அடித்து நொறுக்கிய பிறகுதான் கணினி ஜெயித்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நிரலுக்கே இந்தக் கதி என்றால், கோவாவிலிருந்து மூன்று நாள் லாபத்தோடு திரும்பியவனுக்குப் பட்டம் கட்ட என்ன அவசரம்?

போட்டிகள் இன்னும் மோசம். பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு ஒன்றும் கிடைக்காது, பெரும்பணம் கடைசி மேசையில் உட்காரும் சிலருக்கே. இதில் ஒரு கண்கட்டும் இருக்கிறது. இணையத்தில் ஆட்டக்காரர் பெயரைத் தேடினால் வரும் மொத்தப் பரிசுத் தொகையில் நுழைவுக் கட்டணம் கழிக்கப்பட்டிருக்காது. ஒருவன் 40 லட்சம் ஜெயித்ததாகப் போட்டிருக்கும். அதற்காக 25,000 ரூபாய்ப் போட்டிகளில் 140 தடவை நுழைந்திருந்தால் கட்டியதே 35 லட்சம். அதற்குமேல் போக்குவரத்து, ரூம் வாடகை, சீட்டாட்ட வெற்றிக்கு 30 சதவீத வருமான வரி, பணம் போட்டவரின் பங்கு. நேர்மையாகக் கூட்டிப் பார்த்தால் கழித்தல் குறியும் வரலாம். "கோடீஸ்வர இளைஞர்" என்று செய்தி போடுபவர்கள் இந்தக் கூட்டலைச் செய்வதே இல்லை.

அதற்காக எல்லாம் அதிர்ஷ்டம்தான் என்று கையை விரிக்கவும் வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் இருவரும் 2010 உலகத் தொடரை ஆராய்ந்தார்கள். தொடர் தொடங்கும் முன்பே திறமைசாலிகள் என்று அடையாளம் காணப்பட்டவர்களுக்குப் போட்ட பணத்தில் சராசரியாக 30 சதவீதம் லாபம், மற்றவர்களுக்கு 15 சதவீதம் நஷ்டம். கூட்டமாகப் பார்த்தால் திறமை பளிச்சென்று தெரிகிறது. தனி ஒருவனை, சில மாதக் கணக்கை வைத்துப் பார்க்கும்போதுதான் மங்கிவிடுகிறது.

அப்படியானால் பார்க்க வேண்டியது முடிவை அல்ல, முடிவெடுத்த விதத்தை. ஒரு கையைக் கிட்டத்தில் பார்ப்போம்.

டர்ன் வரை வந்தாச்சு. பையன் கையில் இரண்டு ஸ்பேடு, நடுவில் இரண்டு ஸ்பேடு. இன்னும் ஒரு ஸ்பேடு விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், அதாவது ஃப்ளஷ், ஜெயிப்பான். விழாவிட்டால் தோற்பான். நடுவில் 10,000 ரூபாய் இருக்கிறது. எதிராளி 5,000 கட்டுகிறார். பையன் என்ன செய்ய வேண்டும்?

பார்க்காத சீட்டு 46. அதில் ஸ்பேடு 9. ஐந்தில் ஒரு தடவைக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் விழும். 5,000 போட்டு 15,000-ஐ எடுக்கப் பார்க்கிறான் என்றால் நாலில் ஒரு தடவையாவது விழ வேண்டும். கணக்குப்படி விட்டுவிட வேண்டும். ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. ஸ்பேடு விழுந்தபின் ரிவரில் எதிராளியிடமிருந்து இன்னும் 5,600 ரூபாய் போல வாங்க முடியும் என்றால் சரிக்குச் சரி ஆகிவிடும். அதற்கு மேல் வந்தால் லாபம். ஆகவே பையனின் கண் போக வேண்டிய இடம் எதிராளியின் முகம் இல்லை, அவர் முன்னால் அடுக்கியிருக்கும் சிப்பு. 3,000 மிச்சம் இருந்தால் விடு. 40,000 மிச்சம் இருந்து, மனிதரும் விட மனசில்லாத ரகம் என்றால் பணத்தைப் போடு.

அப்புறம் ஸ்பேடு விழுந்ததா இல்லையா என்பது இந்தக் கேள்விக்கே சம்பந்தமில்லாதது. 3,000 மிச்சம் இருக்கும்போது பணத்தைப் போட்டு, ஸ்பேடும் விழுந்து, மேசையே கைதட்டினாலும் அது தப்பான ஆட்டம்தான். ஒரு பையனிடம் அவன் தோற்ற கையைச் சொல்லச் சொல்லுங்கள். "அந்த ரிவர் சீட்டு மட்டும் விழாம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தால் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார், யாரிடம் எவ்வளவு இருந்தது, முந்தைய சுற்றில் என்ன கட்டினார் என்று ஆரம்பித்தால் காது கொடுக்கலாம். ஜெயித்த கையிலும் "இங்க நான் ஆடினது தப்பு" என்று சொல்பவனாக இருந்தால் எனக்கு மதிப்பு இன்னும் கூடும்.

பிளஃப் விஷயத்திலும் இதே குழப்பம். 10,000 இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லாத கையோடு 5,000 கட்டுபவன் மூன்று தடவையில் இரண்டு தடவை மாட்டிக்கொண்டாலும் அவனுக்கு நஷ்டமில்லை. ஒரு தடவை ஜெயிக்கும் 10,000, மற்ற இரண்டின் 5,000-ங்களை ஈடுகட்டிவிடும். பார்ப்பவர்களோ அவன் மாட்டிய இரண்டைத்தான் ஊர் முழுக்கச் சொல்வார்கள். கறுப்புக் கண்ணாடி, தலையை மூடிய சட்டை, காதில் ஹெட்போன் எல்லாம் திறமைக்கு அடையாளம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏசி குளிருக்கு அந்தச் சட்டை நல்லது, அவ்வளவுதான். எந்த மேசையில் உட்காருவது என்று தேர்ந்தெடுப்பது அதைவிடப் பெரிய திறமை. தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் ஐந்து பேர் இருக்கும் மேசையில் கௌரவத்துக்காக உட்காருபவன் எவ்வளவு படித்திருந்தாலும் பணத்தை விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

இனி நடத்தை. திறமைக்கு வேண்டிய அந்த ஒரு லட்சம் கை இதற்கு வேண்டாம்.

சில விஷயங்கள் எல்லா ஊரிலும் ஒன்றே. தன் முறை வருமுன் பேசக்கூடாது, ஏனென்றால் முன்னால் இருப்பவர் முடிவு அதனால் மாறும். சிப்பை இரண்டு தவணையாகத் தள்ளி, முதல் தவணைக்கு எதிராளி முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து அப்புறம் ஏற்றக்கூடாது. பெரிய மதிப்புள்ள சிப்பைச் சின்னதுக்குப் பின்னால் மறைத்து அடுக்கக்கூடாது. ஜெயித்த சிப்பில் பாதியைப் பையில் போட்டுக்கொண்டு அதே மேசையில் தொடரக்கூடாது. ஜெயிக்கிற கை என்று தெரிந்தபின்னும் யோசிப்பதுபோல் நடித்து, எதிராளி ஆசையோடு கை நீட்டியபின் மெதுவாகச் சீட்டைத் திறப்பதற்கு ஸ்லோ ரோல் என்று பெயர். விதியில் அதற்குத் தண்டனை இருக்காது. ஆனால் ஒருவனை மேசையே வெறுக்க அது ஒன்று போதும்.

விதியை மீறாமல் விதியின் ஓட்டையில் கை விடுபவனை ஆங்கில் ஷூட்டர் என்பார்கள். பந்தயம் கட்டுவதுபோல் கையை நகர்த்திவிட்டு, எதிராளி சீட்டைத் திறந்ததும் "நான் கட்டவே இல்லையே" என்பான். கேட்டால் எல்லாம் ரூல்படிதான் என்பான். இப்படிப்பட்டவனின் லாபக் கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதில் எவ்வளவு ஆட்டத்தில் வந்தது, எவ்வளவு இப்படி வந்தது என்று பிரிக்க முடியாது.

நம் ஊர்ப் பையன்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. அது கெட்ட எண்ணத்தால் வருவதில்லை, வளர்ப்பால் வருவது. கோவாவில் ஒரு மேசையில் கீழக்கரைக்காரர்கள் இரண்டு பேர் தற்செயலாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வயதில் மூத்தவர். சின்னவன் கையில் பலமான சீட்டு. மூன்றாவது ஆள் ஒருவர் பணம் போட்டுவிட்டு, டர்னில் விட்டுவிட்டார். இப்போது நேருக்கு நேர் இவர்கள் இரண்டு பேர்தான். சின்னவன் ஏற்றாமல், பணம் கட்டவில்லை என்பதற்கு அடையாளமாக மேசையைத் தட்டிவிடுகிறான். சீட்டைத் திறந்தபின் பெரியவர் கேட்கிறார்: "இவ்வளவு நல்ல கைய வச்சுக்கிட்டு ஏன் தம்பி ஏத்தல?" அவன் சிரித்துக்கொண்டே, "நீங்க இருக்கீங்கள்ல காக்கா, உங்களுக்குப் போயி..." என்கிறான். காக்கா என்றால் அண்ணன்.

ஊரில் இது மரியாதை. மேசையில் இது கூட்டுச் சதி. அந்த மூன்றாவது ஆள் விட்டுப் போகாமல் இருந்திருந்தால் அவரை மட்டும் அடித்திருப்பான். ஒருவரிடம் முழு ஆட்டம், இன்னொருவரிடம் பாதி ஆட்டம் என்றால், முழு ஆட்டம் வாங்குபவர் இரண்டு பேரோடு தனியாக ஆடிக்கொண்டிருக்கிறார். போட்டியில் இப்படி நடந்தால் சில சுற்றுகளுக்கு வெளியே உட்காரவைப்பார்கள், தகுதி நீக்கமும் செய்வார்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் ஒருவருக்கு ஒருவர் முழு வேகத்தில் ஆட வேண்டும் என்பதுதான் இங்கே நாணயம். அது பிடிக்காதவர்கள் ஒரே மேசையில் உட்காராமல் இருப்பது நல்லது.

மொழியும் இதில் சேர்த்திதான். பல போட்டிகளில் கை நடந்துகொண்டிருக்கும்போது ஆங்கிலமோ, நடத்துபவர் அறிவித்த மொழியோ மட்டும்தான் பேசலாம். இரண்டு தமிழர்கள் நடுவில் "சாப்டியாடா?" என்று கேட்டுக்கொண்டால்கூட எச்சரிக்கை வரும். மற்றவர்களுக்கு அது சாப்பாட்டுப் பேச்சு என்று எப்படித் தெரியும்? வெளியூரில் நாம் நான்கு பேர் கூடினால் தமிழில் பேசிச் சிரிப்பது இயல்பு. அதைக் கை நடக்கும்போது அடக்கிக்கொள்பவன் மேசையைப் புரிந்துகொண்டவன்.

டீலரிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று நான் முதலில் பார்ப்பேன். சீட்டைப் போடுவது டீலரின் வேலை, எந்தச் சீட்டு வர வேண்டும் என்பது அவர் கையில் இல்லை. தோற்றதும் சீட்டை அவர் பக்கம் விசிறி எறிபவனுக்கு நிகழ்தகவு மண்டையில் ஏறவில்லை என்று அர்த்தம். கத்துக்குட்டி ஒருவன் தப்பாக ஆடி ஜெயித்ததும் "இதுக்கெல்லாமா பணம் போடுவாங்க?" என்று வகுப்பெடுப்பவனும் அப்படித்தான். அவனுக்குச் சோறு போடுவதே அந்தக் கத்துக்குட்டிதான். அவனை அவமானப்படுத்தி எழுப்பிவிட்டால் மேசையில் மிஞ்சுவது தன்னைப் போலவே கணக்குத் தெரிந்தவர்கள். இந்த இடத்தில் நடத்தையும் திறமையும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆனால் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஃபில் ஹெல்முத் 1989-ல் தன் 24 வயதில் உலகத் தொடரின் முக்கியப் போட்டியில் ஜெயித்தவர். அந்தத் தொடரில் அதிகப் பட்டங்கள் வாங்கியவரும் அவர்தான். தோற்றால் எழுந்து நின்று கத்துவது, எதிராளியைத் திட்டுவது என்று அதே அளவுக்குப் பேர் வாங்கியவர். நடத்தை சரியில்லை என்பதால் திறமை இல்லை என்று அவரைச் சொல்ல முடியாது. இருபது வயதுப் பையன் ஒருவன் அவரைப் பார்த்து முதலில் கத்துவதை மட்டும் கற்றுக்கொள்வதுதான் சோகம்.

எதிர்த்திசையிலும் தப்பு நடக்கிறது. 2022 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் நேரலையாகப் போன ஒரு ஆட்டத்தில், புதிதாக வந்த ஒரு பெண் கையில் ஜோடிகூட இல்லாமல், ஜாக்கியும் நாலும் வைத்துக்கொண்டு, பெரிய தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் ஆல்-இன்னுக்கு (மொத்தச் சிப்பையும் கட்டும் பந்தயத்துக்கு) ஈடாகப் பணத்தைப் போட்டு, 2,69,000 டாலரை ஜெயித்தார். யாரும் போட மாட்டாத இடம். அதனால் ஏமாற்றியிருப்பார் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. அவர் பணத்தில் பாதியைத் திருப்பியும் கொடுத்தார். பிறகு நடத்திய விசாரணையில் ஏமாற்றியதற்கான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பணம் உள்ளே போன நிமிடத்தில் இரண்டு பேர் வாய்ப்பும் ஏறக்குறைய சரிபாதி என்பதை யாரும் நின்று யோசிக்கவில்லை. விசித்திரமாக ஆடுபவரெல்லாம் திருடர் இல்லை. இளையவர், புதியவர், பெண் என்றால் சந்தேகம் இன்னும் சீக்கிரம் வருகிறது என்பதும் உண்மை.

பணத்தைக் கையாள்வது திறமையிலும் சேரும், நடத்தையிலும் சேரும். ஸ்டூ உங்கர் அந்த உலகத் தொடரின் முக்கியப் போட்டியை 1980, 1981, 1997 என்று மூன்று தடவை ஜெயித்தார். அவரைப் போலச் சீட்டை வாசித்தவர் இல்லை என்று எதிராளிகளே சொன்னார்கள். 1998-ல் லாஸ் வேகஸில் ஒரு மலிவு விலை விடுதி அறையில், சொத்து என்று எதுவும் மிஞ்சாமல் 45 வயதில் செத்துக் கிடந்தார். போதையும் குதிரைப் பந்தயமும் மற்ற சூதும் போக்கரில் வந்ததை எல்லாம் தின்றுவிட்டன. பெண் வீட்டார் கவலைப்பட வேண்டியது ஹெல்முத் மாதிரிப் பையனைப் பற்றி இல்லை, இந்த மாதிரிப் பையனைப் பற்றி.

ஆகவே ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய பணம் வேறு, குடும்பச் செலவுப் பணம் வேறு என்று வைத்திருக்கிறானா என்று கேட்கலாம். அந்த ஒதுக்கிய பணத்தில் ஒரே மேசையில் எவ்வளவு வைப்பான் என்று கேட்கலாம். "இருபதில் ஒரு பங்குக்கு மேல் வைக்க மாட்டேன்" என்ற மாதிரிப் பதில் வந்தால் சரி. "நம்பிக்கை இருந்தா மொத்தத்தையும் வைப்பேன்" என்றால் எழுந்துவிடலாம். அடுத்தவர் பணத்தில் ஆடுகிறானா என்பதும் முக்கியம். பெரிய போட்டிகளில் இது சகஜம், ஒருவர் பணம் போடுவார், லாபத்தைப் பிரித்துக்கொள்வார்கள். ஆனால் தோற்றது அப்படியே மேக்கப் என்ற பெயரில் கணக்கில் ஏறி நிற்கும். அடுத்து ஜெயிப்பது முதலில் அதை அடைத்த பிறகுதான் பிரிக்கப்படும். படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கிய தொழிலாளி அதை அடைக்காமல் வேறு படகு ஏற முடியாமல் தவிப்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேக்கப் ஏறிய ஆட்டக்காரனும் அப்படித்தான். லட்சக்கணக்கில் ஜெயித்த செய்தி வந்த வாரத்தில்கூட அவன் கைக்கு ஒரு ரூபாய் வந்திருக்காது.

கடைசியாக, 2025 ஆகஸ்டுக்குப் பிறகு மட்டுமே கேட்க வேண்டியிருக்கும் ஒரு கேள்வி. இப்போது எங்கே ஆடுகிறாய்? இந்தியச் செயலிகள் நின்றுபோன பின், இணையத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டே வழி. ஒன்று, கோவா மாதிரி சட்டப்படி நடக்கும் இடத்துக்கோ வெளிநாட்டுக்கோ நேரில் போய் ஆடுவது. செலவு அதிகம், கைகள் குறைவு, ஆனால் ரசீது உண்டு, தகராறு வந்தால் கேட்க மேலாளர் உண்டு. இரண்டு, யாரோ ஒரு ஏஜென்ட் வழியாக, முகம் தெரியாத கணக்குக்கு யூபிஐ-யில் பணம் அனுப்பி, வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலியில் ஆடுவது. அங்கே எதிரே உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் ஒரே அறையில் இருக்கிறார்களா, நிரல் சொல்லிக்கொடுத்து ஆடுகிறார்களா என்று தெரியாது. ஜெயித்த பணத்தை ஏஜென்ட் தரவில்லை என்றால் ராமநாதபுரம் எஸ்.பி. ஆபீஸில் போய் என்னவென்று புகார் எழுதுவது? கேஷ் கவுண்டர் ரசீது, வரி கட்டிய படிவம், இரண்டு வருட ஆட்டக் கணக்கு என்று பையன் எடுத்து வைத்தால் உட்கார்ந்து பேசலாம். ஏஜென்ட் யார் என்று கேட்டதும் பேச்சை மாற்றினால், அந்த ஒரு லட்சம் கைக் கணக்கைக் கேட்கவே வேண்டியதில்லை.